கடல் இருந்த இடம்: சிங்கப்பூரில் ஒரு வழிகாட்டியுடன்

துறைமுக ஊரில் வளர்ந்தவர்கள் இன்னொரு துறைமுக நகரத்துக்குப் போனால் முதலில் கடலைத்தான் தேடுவார்கள். திருகோணமலையிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற எங்கள் குழுவும் அப்படித்தான் தேடியது. ஆனால் அந்த நகரத்தில் கடல் இருக்கும் இடத்தைவிட, முன்பு கடல் இருந்த இடமே அதிகம் பேசும் என்பதை எங்களை நடக்க வைத்துக் காட்டியவர் ஒரு வழிகாட்டி அம்மையார். வானுயர்ந்த கட்டடங்களையும் இரவு விளக்குகளையும் யாருடைய துணையும் இல்லாமல் பார்த்துவிடலாம். நகரத்தின் நடுவில், நாலாபுறமும் வங்கிக் கட்டடங்கள் சூழ்ந்த ஒரு வீதியில் நிறுத்தி, "இந்தப் படிக்கட்டுவரை அலை வந்தது" என்று சொல்வதற்குத்தான் ஓர் ஆள் வேண்டும். வழிகாட்டியுடன் போகும் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணம் அந்த ஒரு சொல்லுக்காகவே கொடுக்கத் தக்கது என்பது என் எண்ணம்.

எங்கள் குழுவில் பெரும்பாலானோர் ஆசிரியர்களும் அவர்களது குடும்பத்தினரும். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற எழுபது வயது கடந்த ஓர் ஐயாவும், மூதூரிலிருந்து ஒரு ஹாஜியாரும் அவருடைய மனைவியும் சேர்ந்திருந்தார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் செல்ல முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை என்பதும், கட்டுநாயக்காவிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் நான்கு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதும் பலரை இணங்க வைத்தன. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா போய்ச் சேரவே ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் பிடிக்கிறது என்று ஐயா கணக்குச் சொன்னார்.

அளவைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர் ஒரு நாடு என்றாலும், அதன் நிலப்பரப்பு 730 சதுர கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. எங்கள் திருகோணமலை மாவட்டம் 2,700 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். அதாவது எங்கள் மாவட்டத்தின் கால்பங்குக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அந்த 730 இலும் ஒரு பெரும் பகுதி கடலிலிருந்து எடுக்கப்பட்டது. 1965 இல் அந்த நாடு தனித்து நின்றபோது அதன் பரப்பு 580 சதுர கிலோமீற்றர் அளவில்தான் இருந்தது. அந்த வித்தியாசம் முழுவதும் மண் கொட்டி நிரப்பிய நிலம்.

முதல் நாள் எங்களுக்கு ஏமாற்றமாகவே முடிந்தது. இங்கே பயணத்தை ஒழுங்கு செய்த முகவர் தந்த நிகழ்ச்சி நிரலில் இடங்களின் பெயர்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய நேரம் மட்டும் அதில் இல்லை. குளிரூட்டிய பேருந்தில் ஏறுவதும், இறங்கிப் படம் எடுப்பதும், மறுபடி ஏறுவதுமாகப் பொழுது போயிற்று. நிரலில் அச்சிட்டிருந்த ஓர் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கடைக்கு அழைத்துச் சென்று வாசலில் இறக்கிவிட்டார்கள். கடிகாரமும் சொக்கலேட்டும் வாங்குவதற்கு யாரும் அவ்வளவு தூரம் வரவில்லை என்று எங்கள் பக்கத்திலிருந்து உறுதியாகச் சொன்ன பின்னர், மறுநாள் முழுவதும் நடைபயணமாக மாற்றித் தரச் சம்மதித்தார்கள். அந்த மறுநாளில்தான் அந்த அம்மையார் வந்தார்.

அவர் சிங்கப்பூரிலேயே பிறந்த தமிழர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அந்நாட்டில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பணம் பெற்று வழிகாட்ட முடியும்; உரிம அட்டை அவருடைய கழுத்தில் தொங்கியது. அவருடைய தாத்தா நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்து, செம்பவாங்கில் இருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் கூலிக்காரராக வேலை செய்தவராம். அதைக் கேட்டதும் எங்கள் துறைமுக ஐயா முன்னால் வந்துவிட்டார். அவருடைய தந்தையும் திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்தில் அதே காலத்தில் வேலை பார்த்தவர். அதன் பிறகு அன்று முழுவதும் அவர் வழிகாட்டியை "பிள்ளை" என்றும், அவர் இவரை "ஐயா" என்றும் அழைத்துக்கொண்டு முன்வரிசையிலேயே நடந்தார்கள். மற்றவர்களுக்கு அவர் அக்கா.

அக்கா எங்களை முதலில் கொண்டுபோய் நிறுத்தியது சிங்கப்பூர் ஆற்றங்கரையில். 1819 ஜனவரியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் வந்து இறங்கியது இந்த ஆற்று வாயில்தான். வடகரை உயரமானது, தென்கரை அப்போது வெறும் சதுப்பு. 1822 இல் தென்கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு சதுப்பை நிரப்பினார்கள். குன்று இருந்த இடம் இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் என்ற வணிக மையம். மண் கொட்டிய இடம் போட் கீ என்ற படகுத்துறை வரிசை. மலையைப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து இரண்டையும் சமதளமாக்கிய அந்த வேலையில் தொடங்கியதுதான் இன்றுவரை அந்த நகரம் செய்துகொண்டிருக்கும் வேலை என்றார் அக்கா. இந்தத் துறையில் கப்பல்களிலிருந்து சரக்கிறக்கும் தோணிகளை ஆரம்பத்தில் ஓட்டியவர்களில் தமிழ்க் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் கணிசமானோர். அவர்களைச் சூலியர் என்று அழைத்தார்கள். சூலியா வீதி என்ற பெயரில் அவர்களுடைய நினைவு ஆற்றுக்கு அருகிலேயே இன்னும் இருக்கிறது.

ஆற்றின் மேல் கவனா பாலம் என்று ஓர் இரும்புப் பாலம் உண்டு, 1869 இல் கட்டப்பட்டது. பாலத்தின் முனையில் ஒரு பழைய அறிவித்தல் பலகை: மூன்று அந்தர் (ஏறத்தாழ 150 கிலோகிராம்) எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும், குதிரைகளும் பாலத்தைக் கடக்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் அதை நின்று வாசித்தோம். அந்தர் என்ற அளவை எங்கள் ஐயாவுக்கு மட்டும்தான் கையால் தூக்கிப் பார்த்த பழக்கம் இருந்தது. நீர் உயரும்போது பாலத்துக்கும் நீருக்கும் இடையில் தோணிகள் நுழைய முடியாமல் வற்றும்வரை காத்துக் கிடக்குமாம். அந்தத் தோணிகளையெல்லாம் 1983 இல் அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். 1977 இலிருந்து பத்து ஆண்டுகள் ஆற்றைச் சுத்தம் செய்தபோது நடந்தது அது. இப்போது ஓடுபவை சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுகள் மட்டுமே. சுத்தம் செய்தது பெரும் சாதனைதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் சரக்குப் படகு இல்லாத துறையைப் பார்க்கும்போது, மூதூர் லோஞ்ச் வந்து நிற்கும் எங்கள் ஜெட்டியில் மனிதர்களும் மூட்டைகளும் இன்னும் இறங்குவதை நினைத்து நான் மகிழ்ந்தேன்.

ஆற்று வாயில் பற்றி அக்கா சொன்ன செய்திகளில் என்னை மிகவும் பாதித்தது ஒரு கல்லின் கதை. ஆறு கடலில் கலக்கும் முனையில் முன்னொரு காலத்தில் மூன்று மீற்றர் உயரமான ஒரு பெரும் பாறை நின்றது. அதில் ஏறத்தாழ ஐம்பது வரிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843 இல், வாய்க்காலை அகலப்படுத்தவும் கோட்டைக் கட்டடங்களுக்கு இடம் எடுக்கவும் பிரித்தானியர்கள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சிதறிய துண்டுகளில் சில மட்டும் காப்பாற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. முதல் நாள் எங்களிடமிருந்து பறிக்கப்பட்ட அருங்காட்சியகம் அதுதான். அக்கா எங்களை அங்கே கூட்டிச் சென்றார்.

கரடுமுரடான மணற்கல் துண்டு அது. வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி வைத்திருக்கிறார்கள். குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால்தான் எழுத்தின் வளைவுகள் தெரிகின்றன. உருண்டையான, நெருக்கமான, ஒழுங்கான வரிகள். எழுதியவருக்கு நிதானம் இருந்திருக்கிறது. பழைய ஜாவா மொழியா, சமஸ்கிருதமா என்று அறிஞர்கள் பலவாறு கருதுகிறார்கள். இன்றுவரை யாரும் அதை வாசித்து முடிக்கவில்லை. முழுப் பாறையும் இருந்திருந்தால் ஒருவேளை வாசித்திருக்கலாம்.

திருகோணமலைக்காரர் ஒருவர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு எங்கள் கோட்டை வாசலை நினைக்காமல் இருக்க முடியாது. போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அந்தக் கற்களில் ஒன்று, கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னனின் பெயரோடு 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் சாசனத்தோடும் கயல் மீன் இலச்சினையோடும் பிரெட்ரிக் கோட்டையின் வாயிற் சுவரில் இன்றும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அந்த வாசலைக் கடந்து கோயிலுக்கு ஏறுகிறோம். எத்தனை பேர் நின்று பார்க்கிறோம்? வாசிக்க முடியாத ஒரு துண்டைச் சிங்கப்பூர் கண்ணாடிக்குள் வைத்து வெளிச்சம் காட்டிப் போற்றுகிறது. எங்களுடையதை வாசிக்க முடியும்; எங்கள் மொழியிலேயே இருக்கிறது. அருகில் ஒரு விளக்கப் பலகையும், நின்று சொல்ல ஒருவரும் இருந்தால் போதும்.

மதிய வெயில் ஏறியபோது தெலுக் ஆயர் வீதிக்கு வந்தோம். நான் தொடக்கத்தில் சொன்ன வீதி இதுதான். இன்று கடல் அங்கிருந்து கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலம் நிரப்பும்வரை இந்த வீதியே கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் கால் வைத்த மண் இது என்பதால், உயிரோடு கரை சேர்த்த தெய்வத்துக்கு நன்றி சொல்லும் இடங்களும் இங்கேயே வரிசையாக எழுந்தன. சீன மாலுமிகளின் கடல் தாயாகிய மாசுவுக்கு ஹொக்கியன் மக்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் ஆலயம் 1842 இல் கட்டி முடிக்கப்பட்டது. சில அடி தூரத்தில் சூலியர்கள் கட்டிய அல்-அப்ரார் பள்ளிவாசல். அதே வரிசையில், 1828 க்கும் 1830 க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா.

நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் எழுந்த அந்தக் கட்டடம் இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியப் பாணி வளைவுகளும் தூண்களும். மேலே சிறு சிறு சாளரங்களோடு ஒரு மாளிகையின் தோற்றம். மூலைகளில் நாகூரை நினைவூட்டும் மினாராக்கள். ஹாஜியாரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார். "எங்கட கல்முனைக் கடற்கரைப் பள்ளியில இவங்கட பேருக்குத்தான் கொடியேற்றம்" என்றார் மெதுவாக. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலும் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றுவது கிழக்கு மாகாணத்தில் எல்லோரும் அறிந்தது. நாகூர், கல்முனை, சிங்கப்பூர் ஆகிய மூன்றுமே கரைகள். காற்றின் திசையறிந்து பாய்மரம் ஏற்றியவர்கள் தங்கள் காவலரை ஒவ்வொரு கரையிலும் இறக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அக்காவுக்குக் கல்முனைச் செய்தி புதியது. அவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சொல்லித் தருபவர் கேட்டும் கொள்கிறார் என்பதில் எங்கள் எல்லோருக்கும் அவர் மேல் மதிப்புக் கூடியது.

அங்கிருந்து சௌத் பிரிட்ஜ் வீதியிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகலாம். ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827 இல் கட்டிய கோயில் அது. அந்நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில். முதலில் மரமும் ஓலையுமாக இருந்தது. புதிதாக வந்து இறங்கிய தமிழர்கள் வேலையும் தங்க இடமும் கிடைக்கும்வரை அங்கே ஒதுங்கி இருந்தார்கள் என்பதும், இந்துத் திருமணங்கள் அங்கே பதிவு செய்யப்பட்டன என்பதும் எனக்கு அதன் கோபுரத்தைவிடப் பெரிதாகத் தோன்றின. ஐப்பசியில் அங்கே தீமிதி நடக்கும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பைக் கண்டவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

தமிழர்கள் வணிகர்களாகவும் கூலிகளாகவும் மட்டும் அங்கே போகவில்லை; கைதிகளாகவும் கொண்டுபோகப்பட்டார்கள். இதை அக்கா மறைக்காமலும் குரலைத் தாழ்த்தாமலும் சொன்னார். 1825 தொடக்கம் 1873 வரை இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளே அந்த நகரத்தின் வீதிகளையும் பல பெரிய கட்டடங்களையும் கட்டினார்கள். அவற்றுள் ஒன்று வெண்ணிறமான புனித அந்திரேயர் பேராலயம். 1861 இல் அங்கே முதல் வழிபாடு நடந்தது. அதன் சுவரை அக்கா எங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பளிங்குபோல வழுவழுப்பாக இருந்தது. சென்னைச் சுண்ணம் என்று சொல்லப்படும் பூச்சு அது. சிப்பிச் சுண்ணாம்பை, முட்டை வெள்ளைக் கருவோடும் கரடான சர்க்கரையோடும் கூழாக அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துப் பூசி, காய்ந்த பின் பளிங்குக் கற்களால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தக் கலவையைக் கேட்டதும் எங்கள் குழுவிலிருந்த பெண்கள், ஊரில் பழைய வீட்டுச் சுவர்களுக்குப் பாட்டன் காலத்தில் பூசியதும் இப்படித்தான் என்று ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கட்டியவர்களின் பெயர் எதுவும் அந்தச் சுவரில் இல்லை. கைபட்ட மெருகு மட்டும் நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் இருக்கிறது.

மாலையில் ஃபோர்ட் கானிங் குன்றின் கீழே உள்ள நிலவறைக்குப் போனோம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைத் தலைமை இயங்கிய இடம் அது. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி காலையில், சரணடைவது என்று ஜெனரல் பெர்சிவல் முடிவெடுத்தது அந்த அறைகளுள் ஒன்றில். அன்று சீனப் புத்தாண்டு. அன்று மாலை புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஜப்பானிய ஜெனரல் யமாஷிதாவிடம் சரணாகதி ஒப்பமிடப்பட்டது. ஏறத்தாழ 80,000 படையினர் கைதிகளானார்கள். செம்பவாங்கில் 1938 இல் திறக்கப்பட்ட பெரும் கடற்படைத் தளம் நான்கே ஆண்டுகளில் கைமாறியது.

இதுவரை சிங்கப்பூரின் கதை. இதற்கு மேலே எங்கள் ஐயா சொல்லத் தொடங்கினார். சிங்கப்பூர் விழுந்து இரண்டு மாதம் ஆகுமுன்னரே, ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது வந்தன. துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் எண்ணெய்க் குதமும் தாக்கப்பட்டன. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஊர்ச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தம்பலகாமம் பக்கமாக நடந்த கதையையும், குண்டு விழுந்த சத்தத்தில் தம் தந்தைக்கு ஒரு காது கடைசிவரை சரியாகக் கேட்காமல் போனதையும் அவர் சொன்னபோது, அந்த நிலவறைக்கு வந்திருந்த வேறு குழுவினரும் அமைதியாக நின்றார்கள். அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு மெல்ல எடுத்துச் சொன்னார்கள். சிங்கப்பூரை இழந்ததால்தான் பிரித்தானியருக்குத் திருகோணமலை அவ்வளவு முக்கியமாயிற்று. போர் முடியும் தறுவாயில் சிங்கப்பூரை மீட்கச் சென்ற கப்பல்களில் ஒரு பகுதி எங்கள் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. இரண்டு ஊர்களின் வரலாறும் ஒன்றையொன்று இப்படித் தொட்டுக்கொண்டிருப்பதை எங்கள் பாடப்புத்தகங்களில் நான் வாசித்ததில்லை. கிராஞ்சிப் போர் மயானத்தை மறுநாள் பார்த்தோம். 4,400 க்கும் மேற்பட்ட கல்லறைகளும், கல்லறை கிடைக்காதவர்களாக 24,000 க்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே உள்ளன. நிலாவெளி வீதியிலுள்ள எங்கள் போர் மயானமும் அதே பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் முறையில், அதே வகை நடுகற்களோடு பேணப்படுவதுதான்.

புதிய கரையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அதைப் படம் பிடித்தவர்கள் ஏராளம். மரினா பே சான்ட்ஸின் மூன்று கோபுரங்களும், கார்டன்ஸ் பை த பேயின் இரும்பு மரங்களும் நிற்பது முழுக்க முழுக்க நிரப்பிய நிலத்தில். மேல்தளத்திலிருந்து பார்த்தபோது, நங்கூரமிட்ட கப்பல்கள் தொடுவானம்வரை நிறைந்திருந்தன. அதற்கு மாறாக, மரினா பராஜ் என்ற அணையைப் பலரும் தவறவிடுகிறார்கள். அங்கே கட்டாயம் போக வேண்டும் என்பேன். ஆற்று வாயை மறித்து 2008 இல் திறக்கப்பட்ட அந்த அணை, உப்பு நீரை வெளியே நிறுத்தி, நகரத்தின் நடுவிலேயே ஒரு நன்னீர்த் தேக்கத்தை உருவாக்கியிருக்கிறது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது. குடிநீரில் ஒரு பங்கை மலேசியாவின் ஜொகூரிலிருந்து வாங்கும் நாடு தன் தண்ணீருக்குத் தானே வழி தேடிய கதை அது. குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கந்தளாய்க் குளத்து நீரைக் குடித்து வளர்ந்த எங்களுக்கு, கலிங்கும் வான்கதவும் அந்நியமானவையல்ல. அங்கே நின்று நீர்மட்டத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் கேட்ட கேள்விகள் வேறெங்கும் கேட்காதவை.

அணையின் புல்வெளிக் கூரையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளைய ஆசிரியர் அக்காவிடம் கேட்டார்: எங்கள் துறைமுகம் இயற்கையிலேயே ஆழமானது, மலை சூழ்ந்தது, அப்படியிருக்கச் சிங்கப்பூர் மட்டும் எப்படி இப்படி வளர்ந்தது? அக்கா சொன்ன பதிலோடு எனக்கும் உடன்பாடு. ஆழம் கப்பலைக் காப்பாற்றும். வணிகத்தைக் கொண்டுவருவது வேறு. சிங்கப்பூர் மலாக்கா நீரிணையின் வாயில் இருந்தது. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடையில் ஓடும் கப்பல்கள் அந்த வழியாகவே போக வேண்டும். தொடக்கத்திலிருந்தே அதைத் தீர்வையில்லாத துறைமுகமாக வைத்தார்கள். 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியதும் நகரம் பன்மடங்காயிற்று. இங்கேயோ, தேயிலையும் கோப்பியும் விளைந்த மலைநாடு கொழும்புக்குக் கிட்டியது என்பதால், 1875 இல் அடிக்கல் நாட்டிக் கொழும்பில் செயற்கையாக அலைதாங்கி கட்டினார்கள். இயற்கை தந்த துறைமுகம் போர்க் கப்பல்களுக்கு என்று ஒதுங்கிப் போயிற்று. இது எங்கள் ஊர் மக்களின் குறையல்ல. யாரோ எடுத்த முடிவுகளின் விளைவு. அதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லித் தர வேண்டும்.

ஈழத்தமிழர் வாசகர்களுக்காக இன்னும் ஒன்று. கத்தோங் பகுதியில் சிலோன் ரோடு என்ற வீதியில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் ஒரு செண்பக மரத்தடியில் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் போனவர்கள் வளர்த்தது. அங்கே பிரசாதம் பெற்றுக்கொண்டு வெளியே வரும்போது, சிங்கப்பூர் மாணவர்கள் பாடசாலையில் நாளும் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966 இல் எழுதியவர் வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். இராஜரத்தினம் என்று அக்கா சொன்னார். இனம், மொழி, மதம் என்று பேதம் பாராமல் ஒரே மக்களாக வாழ்வோம் என்பது அதன் சாரம். வட்டுக்கோட்டையில் பிறந்தவர் ஒருவர் இன்னொரு நாட்டுக்கு அதை எழுதிக் கொடுத்தார் என்பதைக் கேட்டு நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் வேறு எதுவும் பேசவில்லை. தொடருந்து நிலையங்களில் மற்ற மூன்று மொழிகளோடு தமிழும் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கையில் உண்டாகும் மகிழ்ச்சியைப் பற்றியும் நான் தனியாக எழுத வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் எல்லோரும் அதை ஊகிப்பார்கள்.

சிரங்கூன் வீதிக்கும் தேக்கா சந்தைக்கும் கடைசி நாள் மாலையை ஒதுக்கினோம். தோசையும் மீ கோரெங்கும் சாப்பிட்டு, பூக்கடைகளைப் பார்த்து, பெண்கள் சேலை வாங்கி முடித்தார்கள். அந்தப் பகுதிக்கு வழிகாட்டி தேவையில்லை. தமிழ் பேசினால் போதும்.

போகவிருப்போருக்கு என் ஆலோசனை இது. முகவர் எந்த இடங்களைக் காட்டுவார் என்று கேட்பதற்கு முன், வழிகாட்டுபவர் யார், எந்த மொழியில் பேசுவார், எத்தனை மணித்தியாலம் உங்களோடு நடப்பார் என்று கேளுங்கள். கடைகளுக்கு அழைத்துச் செல்ல மாட்டோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நடைக்கு ஒரு முழு நாள் வையுங்கள். முதியவர்கள் இருந்தால் மதியம் இரண்டு மணித்தியால ஓய்வு வேண்டும், வெயில் எங்கள் ஊர் வெயிலேதான். குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். போத்தல் ஒன்று கையில் இருக்கட்டும். குடையை மறக்க வேண்டாம்.

திரும்பி வந்த பின்னர், எங்கள் குழுவிலுள்ள ஆசிரியர்கள் சேர்ந்து திருகோணமலையில் இதேபோன்ற ஒரு நடையை மாணவர்களுக்காக ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம். கோட்டை வாசற் சாசனம், சுவாமிமலை, டச்சுக் குடா, பத்திரகாளி அம்மன் கோயில், உட்துறைமுக வீதி, ஜெட்டி என்று ஒரு வழி வரைந்திருக்கிறோம். ஐயா ஜெட்டியில் நின்று 1942 ஐப் பற்றித் தாமே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். ஹாஜியார், நடையை அங்கே முடிக்கக் கூடாது, லோஞ்சில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுவந்து, 1660 இல் ஆங்கிலேய மாலுமி றொபர்ட் நொக்ஸ் பிடிபட்ட கொட்டியாரக் கரையையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கிறார். அப்படிச் செய்தால் ஒரு நாள் போதாது. இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரிப்பதா, அல்லது காலை ஆறு மணிக்கே கோட்டை வாசலில் தொடங்குவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊரின் பழைய கரையோரத்தைப் பற்றிப் பெற்றோர், பாட்டன்மார் சொல்லக் கேட்ட செய்திகள் உங்களிடம் இருந்தால், எந்த இடம், எந்தக் காலம் என்ற விபரத்தோடு எழுதி அனுப்புங்கள். நடை தொடங்குவதற்கு முன் அந்த இடங்களை நேரில் போய்ப் பார்த்து வழியில் சேர்த்துக்கொள்வோம்.